பொத்திய கை

இவருடைய முதுகைத் தவிர எனக்கு முன்னால் வேறு ஒன்றும் இல்லை. கறுப்பு ஜாக்கெட், அதன் குறுக்கே வாடகைக் கடையில் மாட்டிவிட்ட மஞ்சள் பட்டி, அதற்கு மேலே ஹெல்மெட்டின் பின்பக்கம். ஹெல்மெட்டுக்குள் இவருடைய தலை இருக்கிறது. தலைக்குள் இந்த நிமிடம் என்ன இருக்கிறது என்பதைக் கடவுள்தான் அறிவார். எஞ்சின் காலுக்கடியில் உறுமுகிறது. இரண்டு கையாலும் இவருடைய இடுப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கலியாணம் முடித்த புதிதில்கூட நாலு பேருக்கு முன்னால் இப்படிக் கட்டிப்பிடித்ததில்லை. நான் ஏறி உட்கார்ந்தபோது புனிதா சிரித்தாள். "அக்காவுக்கும் அண்ணைக்கும் இண்டைக்குத்தான் ஹனிமூன்" என்றாள். சிரி பிள்ளை, நன்றாகச் சிரி. வருகிற ஆனி மாதம் உன் மகன் நிருபனுக்கும் என் மகள் ஆரணிக்கும் தாலி ஏறுகிற வரைக்கும் நீ இப்படியே சிரித்துக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் என் நேர்த்தி. அதற்காகத்தானே உறைந்துபோன ஏரிக்கு மேலே இந்த வயதில் விண்வெளிக்குப் போகிறவள் மாதிரி உடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சம்பந்தி வீட்டார் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? ரொறன்ரோவுக்கு வடக்கே ஏரிக்கரையில் ஒரு வீடு எடுத்திருக்கிறோம், மாசி மாத நீண்ட விடுமுறைக்கு வாருங்கள், பிள்ளைகள் இல்லாமல் பெரியவர்கள் நாங்கள் ஆறுதலாக இருந்து கதைப்போம் என்று அருட்செல்வத்தார் போன் எடுத்தபோது ஓம் என்றேன். கதைப்பது என்றால் தேத்தண்ணியோடு சோபாவில் இருந்து கதைப்பது என்றல்லவா நினைத்தேன். ஸ்னோமொபைல் ஓடுகிற கதை இங்கே வந்த பிறகுதான் வந்தது. கடை வாசலில் இரண்டு மிசின் நின்றது. "அண்ணை, பஸ் ஓடின கை. இது உங்களுக்கு ஒரு வேலையே? நீங்களும் அக்காவும் அதிலை வாங்கோ, நாங்கள் முன்னுக்குப் போறம்" என்றார் அருட்செல்வத்தார். இவர் உடனே பேர்சைத் திறந்து லைசென்ஸை எடுத்து நீட்டினார். அந்த லைசென்ஸ் இன்னும் பேர்சில் இருப்பதற்குக் காரணம் நான். டொக்டரிடம் சொன்னால் டொக்டர் மேலிடத்துக்கு அறிவிப்பார், லைசென்ஸ் போய்விடும், ஏன் போனது என்று ஊர் கேட்கும். ஆகவே டொக்டரிடம் சொல்லவில்லை. கார்த் திறப்பை அரிசி வாளிக்குள் ஒளித்துவிட்டு, முழங்கால் வருத்தம், கார் ஓட ஏலாது என்று எல்லோருக்கும் சொல்லி வைத்தேன். முழங்கால் வருத்தக்காரர் ஸ்னோமொபைல் மட்டும் ஓடலாமோ என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். நானாவது வாயைத் திறந்து வேண்டாம் என்று சொன்னேனா? "நானும் பின்னாலை ஏறுறன்" என்றேன். அதுதான் என்னால் முடிந்தது. விழுந்தால் இரண்டு பேருமாக விழுவோம் என்று ஏறினேன்.

ஆனால் விழவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும், இவர் நன்றாகத்தான் ஓடுகிறார். கை மறக்கவில்லை. வளைவு வந்தால் உடம்பு தானாகச் சாய்கிறது, பனி மேடு வந்தால் வேகத்தைக் குறைக்கிறார், முன்னால் போகிற அருட்செல்வத்தாரின் மிசினுக்கும் எங்களுக்கும் இடையில் அளவான தூரம் விடுகிறார். அந்த மிசினில் பின்னால் இருக்கிற புனிதாவின் சிவப்புத் தொப்பி தெரிகிறது. அதையே பார்த்துக்கொண்டு போனால் போதும், அது போகிற இடத்துக்குப் போனால் போதும், ஒரு பிழையும் வராது. இவரிடம் பிழையாய்ப்போனது ஓட்டமில்லை, வழிதான். கால் நூற்றாண்டாக ஒரே தெருவில் பஸ் ஓடியவர் ஒருநாள் மத்தியானம் திருப்ப வேண்டிய சந்தியில் திருப்பாமல் நேரே கொண்டுபோனாராம். பின்னால் இருந்த சனம் சத்தம் போட்ட பிறகுதான் நிறுத்தினாராம். வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். நானும் சிரித்தேன். அடுத்த தடவை நான் சிரிக்கவில்லை. அதற்கடுத்த தடவை இவர் சொல்லவேயில்லை, வேலையை விட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்க் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அன்றைக்கும் இந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, இப்போது அதெல்லாம் வேண்டாம். வழியைப் பார். கடைக்காரப் பெண் ஆங்கிலத்தில் கடகடவென்று சொன்னதை வருசாவருசம் இங்கே வருகிற அருட்செல்வத்தார் எங்களுக்கு ஆறுதலாகத் திருப்பிச் சொன்னார். "செம்மஞ்சள் கம்பு நட்ட வழியாலை மட்டும் ஓடோணும். நடுவிலை ஒரு சின்னத் தீவு வரும். அதுக்கு வலக்கைப் பக்கம் போறது எங்கட பாதை. இடக்கைப் பக்கம் ஆறு வந்து விழுற இடம், அங்கை ஐஸ் ஒருநாளும் தடிக்காது. குறுக்கை மரம் போட்டிருக்கு. அங்காலை போகப்படாது." பிறகு கைச்சாடை. முன்னால் ஆட்கள் வந்தால், நமக்குப் பின்னால் எத்தனை மிசின் வருகிறது என்று விரலால் காட்ட வேண்டுமாம், அதைப் பார்த்து வருகிறவர்கள் ஒதுங்குவார்களாம். "நான் ஒரு விரல் காட்டுவன். அண்ணை, நீங்கள் கடைசி ஆள். நீங்கள் கையைப் பொத்திக் காட்டோணும். எனக்குப் பின்னாலை ஒருத்தரும் இல்லை எண்டு அர்த்தம்." இவர் தலையாட்டினார். இவர் தலையாட்டுவதன் பெறுமதி எனக்குத்தான் தெரியும். ஹெல்மெட் பூட்டிவிடுகிற சாட்டில் கிட்டப் போய், "பொத்திக் காட்டுறது. மறக்காதேங்கோ, பொத்திக் காட்டுறது" என்று காதுக்குள் சொன்னேன். ஏரியில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் எதிரே ஒரு கூட்டம் வந்தது. அருட்செல்வத்தார் ஒரு விரலைத் தூக்கினார். இவர் இடக்கையை எடுத்தார், தூக்கினார், பொத்தினார். பொத்தினார்! எதிரே வந்தவர்களும் தலையசைத்துக்கொண்டு போனார்கள். எனக்கு ஹெல்மெட்டுக்குள் கண்ணீர் வந்துவிட்டது. ஆரணி முதல் முதல் மேடையேறித் திருக்குறள் சொல்லி முடித்தபோதுகூட நான் இப்படிப் பூரிக்கவில்லை.

பூரித்து என்ன, இப்படிப் பாடமாக்கிப் பாடமாக்கித்தான் இத்தனை மாதமும் இழுத்து வந்திருக்கிறேன். ஒரு வீட்டுக்குப் போவதென்றால் போகிற வழியெல்லாம் தேவாரம் பாடமாக்குவது மாதிரிச் சொல்லிக் கொடுப்பேன். மாப்பிள்ளையின் பெயர் நிருபன். தகப்பன் அருட்செல்வம். தாய் புனிதா. இவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்வார், நல்ல பிள்ளை மாதிரி. சில நாள் கோபம் வந்து, "எனக்குத் தெரியும், நீ பேசாமல் வா" என்று சத்தம் போடுவார், பிறகு வாசலில் நின்று, "இது ஆரின்ரை வீடு?" என்று மெதுவாகக் கேட்பார். கதவு திறந்தவுடன் நான் முந்திக்கொண்டு, "அட, அருட்செல்வத்தார்! புனிதா, எப்பிடிச் சுகம்?" என்று தேவைக்கு மேலே சத்தமாகப் பெயர் சொல்வேன். நான் வாயாடியாகிவிட்டேன் என்று சனம் கதைப்பதும் தெரியும். கதைக்கட்டும். வாயாடி பெண்டாட்டியால் கலியாணம் நிற்காது. ஆனால் எங்கள் சனத்திடம் ஒரு பழக்கம் இருக்கிறதே, எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் நாலு பேர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைத் தெரியுதே? ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்று சோதனை வைப்பார்கள். நல்ல மூளை உள்ளவனே அதில் முழிப்பான். இவர் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். "உங்களைத் தெரியாமல் விடுமே!" என்று சிரித்துக்கொண்டு தோளில் தட்டுவார். கேட்டவனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். ஏனென்றால் சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை, நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தபோது என்னைப் பார்த்தும் அதே சிரிப்பைச் சிரித்தார்.

அது ஒரு நாள்தான். பிறகு இல்லை. பிறகு இல்லை என்றுதான் நினைக்கிறேன். எஞ்சின் சத்தத்தில் யோசனைகூட உதறி உதறி வருகிறது. ஆரணிக்கும் சொல்லவில்லை. அவள் வேலை செய்கிற ஊரிலிருந்து ஞாயிற்றுக்கிழமையில் போன் எடுப்பாள். "அப்பா ஏனம்மா போனிலை கதைக்கிறாரில்லை?" என்று கேட்பாள். "காது கொஞ்சம் மந்தம் பிள்ளை" என்பேன். காது, முழங்கால், எல்லா உறுப்பிலும் வருத்தம் வைத்துவிட்டேன், வருத்தம் உள்ள இடத்தை மட்டும் விட்டுவிட்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைப்பது என்று சொல்வார்கள், நான் பூசணித் தோட்டத்தையே மறைத்துக்கொண்டிருக்கிறேன். பொருத்தம் பார்த்து முடித்த அன்றைக்குப் புனிதா சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "உங்கட பகுதியிலை, அண்ணையின்ரை பகுதியிலை, பரம்பரையாய் வாற வருத்தம் ஒண்டும் இல்லைத்தானே அக்கா? குறை நினையாதேங்கோ, இந்தக் காலத்திலை கேக்கத்தானே வேணும்." நானும் சிரித்துக்கொண்டே, "கடவுளே எண்டு ஒண்டுமில்லை" என்றேன். இவருடைய தகப்பன் கடைசிக் காலத்தில் சொந்த மகனைப் பார்த்து நீ ஆரின்ரை பெடியன் என்று கேட்டது எனக்குத் தெரியும். ஊரில் அதற்கு வருத்தம் என்று பெயரில்லை, அறளை பெயர்ந்துவிட்டது என்பார்கள், அத்தோடு விட்டுவிடுவார்கள். ஆனால் இவருக்கு அந்த வயது வரவில்லையே. இவர் இன்னும் மகளுடைய கலியாணத்தில் தாரை வார்த்துக் கொடுக்கவில்லையே. ஒருநாள் எனக்குப் பொல்லாத யோசனை வந்தது. இவர் படுத்த படுக்கையில் நிம்மதியாகப் போய்விட்டால் என்ன என்று. அந்த யோசனையைத் துரத்திவிட்டது பாசமென்று சொல்ல ஆசைதான், ஆனால் முதலில் வந்தது கணக்கு. போய்விட்டால் ஆண்டுத்திவசம் முடியாமல் கலியாணம் வைக்க முடியாது, வைத்தாலும் நான் மணவறைப் பக்கம் போக முடியாது. அதற்குப் பிறகுதான் அழுதேன். இருந்தாலும் ஆபத்து, போனாலும் ஆபத்து. ஆனி முடியட்டும். ஆனி முடிந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவேன், ஊருக்கே சொல்வேன். ஆனி முடியட்டும்.

எதிரே வெளிச்சம். இன்னொரு கூட்டம் வருகிறது, வரிசையாக, முன்னால் வருகிறவன் விரல்களைக் காட்டிக்கொண்டு வருகிறான். எங்கள் முன்னால் அருட்செல்வத்தார் ஒரு விரலைத் தூக்குகிறார். இனி இவர். கையை எடுக்கிறார். எடுத்தார், தூக்கினார். பொத்தவில்லை. ஐந்து விரலும் விரிந்து நிற்கிறது. உள்ளங்கை முழுவதையும் காட்டிக்கொண்டு, தலையையும் லேசாகச் சாய்த்து, கனவான் மாதிரிப் போகிறார். என்ன இது? எங்களுக்குப் பின்னால் ஐந்து மிசினா வருகிறது? நான் திரும்பிப் பார்க்கிறேன். வெள்ளை. எங்கள் தடத்தைத் தவிர ஒரு கோடுகூட இல்லாத வெள்ளை. அதற்குள் எதிரே வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பாதையை விட்டு ஒதுங்கி நிறுத்துகிறார்கள், பின்னால் வரப்போகிறவர்களுக்கு இடம் விட்டு. பாவம், மரியாதை தெரிந்த மனிதர்கள். யாருக்காக நிற்கிறார்கள்? வராத ஐந்து பேருக்காகக் குளிருக்குள் நிற்கிறார்கள். திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், அவர்கள் இன்னும் நிற்கிறார்கள், சிறிதாகிக்கொண்டு போகிறார்கள், இன்னும் நிற்கிறார்கள். ஒருவன் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துப் பார்ப்பது தெரிகிறது. அந்தக் கையை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். உள்ளங்கையைக் காட்டி, தலையைச் சாய்த்து. அது ஒரு பஸ் டிரைவர் எதிரே வருகிற இன்னொரு பஸ் டிரைவருக்குக் காட்டுகிற கை. ஐயோ.

முன்னால் சிவப்புத் தொப்பி தூரமாகிக்கொண்டு போகிறது. இவர் வேகத்தைக் குறைக்கிறார். ஏன் குறைக்கிறார்? பாதையோரம் ஒரு செம்மஞ்சள் கம்பு நிற்கிறது, அதற்கு மேலே ஒரு தகடு. அந்தக் கம்புக்குப் பக்கத்தில் மெதுவாக, ஒட்டினாற்போல் கொண்டுபோய் நிறுத்துகிறார். எஞ்சின் அடங்கி முனகுகிறது. இவர் வலப்பக்கம் தலையைத் திருப்பிப் பார்க்கிறார், யாரோ ஏறுவதைப் பார்ப்பதுபோல. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சத்தம் வருகிறது. "மிடில்ஃபீல்ட்." பிறகு கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மேலே பார்த்துவிட்டு மிசினை எடுக்கிறார். அடுத்த கம்பில் மறுபடியும் நிறுத்துகிறார். "மக்கோவன்." எல்லாம் இவர் பஸ் ஓடிய தெருவின் தரிப்புகள். எனக்கு விளங்கிவிட்டது. விளங்கினவுடன் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. ஏனென்றால் பழகிவிட்டேன். மறித்துச் சொன்னால் இவர் கலங்கிப்போவார், நான் எங்கே நிற்கிறேன் என்று குழந்தை மாதிரி அழுவார். வீட்டில் ஒரு தடவை அப்படி அழுதார். அதற்குப் பிறகு நான் மறிப்பதில்லை, கூடவே போவேன், கொஞ்சத் தூரம் கூடப் போனால் தானாகத் திரும்பி வந்துவிடுவார். இப்போதும் வருவார். "பிறிம்லி." வருவார். நாங்கள் கனடாவுக்கு வந்த முதல் பனிக்காலத்தில் நிலவறை வீட்டில் ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்யாது. இவருக்கு அப்போதுதான் பஸ் வேலை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமையில் நான் இவருடைய பஸ்ஸிலேயே ஏறி, டிரைவருக்குப் பின்னால் இருக்கிற முதல் சீட்டில் உட்கார்ந்து, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்ப் போய் வருவேன். பஸ்ஸுக்குள் நல்ல சூடு. இவர் திரும்பிப் பார்க்க மாட்டார், வேலையில் கண்டிப்பானவர். ஆனால் கண்ணாடியில் பார்ப்பார். நான் பார்க்கிறேனா என்று பார்ப்பார். ஒருநாள் கடைசித் தரிப்பில் எல்லோரும் இறங்கிய பிறகு, "மேடம், எங்கை போறியள்?" என்று கேட்டார். "டிரைவர் போற இடத்துக்கு" என்றேன். ஒரு பகிடிதான். அதற்கு இவர் காதுவரைக்கும் சிவந்துபோனார். "மிட்லண்ட்." ஏன் அழுகை வருகிறது? அழுதால் ஹெல்மெட்டின் கண்ணாடி புகைந்துவிடும், பிறகு வழி தெரியாது. எனக்காவது வழி தெரிய வேண்டும்.

கயிறு. கயிறு இருக்கிறதே. இவருடைய ஜாக்கெட்டில் ஒரு சிவப்புச் சுருள் கயிறு கொளுவியிருக்கிறது, மற்றத் தலைப்பு மிசினில். ஓடுகிறவர் விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் தானாக நின்றுவிடும் என்று கடைக்காரப் பெண் காட்டினாள். நான் இழுத்தாலும் நிற்கும். இடுப்பைக் கட்டியிருக்கிற கையை இன்னும் கொஞ்சம் முன்னால் விட்டால் எட்டும். விட்டேன், எட்டுகிறது. கையுறைக்குள்ளாலும் அந்தச் சுருள் தட்டுப்படுகிறது. இழு. ஏன் இழுக்கவில்லை? இழுத்தால் நிற்கும். நின்றால் அருட்செல்வத்தார் திரும்பி வருவார். என்ன நடந்தது என்று கேட்பார். இவர் அவரைப் பார்த்துச் சிரிப்பார், உங்களைத் தெரியாமல் விடுமே என்பார், அல்லது டிக்கெட்டைக் காட்டு என்பார். புனிதாவின் சிரிப்பு அந்த இடத்தில் நிற்கும். பிறகு ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், அதுதான் எங்கள் சனத்தின் வழக்கம், முகத்துக்கு நேரே ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஒரு கிழமை கழித்துப் பெடியனுக்கு இப்போது கலியாணத்தில் அவ்வளவு விருப்பமில்லையாம் என்று யார் மூலமோ சொல்லி அனுப்புவார்கள். ஆரணி ஏனம்மா என்று கேட்பாள். நான் எந்த உறுப்பில் வருத்தம் வைப்பேன்? அந்தப் பெடியனை அவள் எவ்வளவு விரும்புகிறாள். போனில் அவன் பெயரைச் சொல்லும்போதே அவளுடைய குரல் மாறிவிடுகிறது. அவள் பிறகு யாரைக் கட்டினாலும் இந்தக் கதை அவளுக்கு முன்னால் போய் நிற்கும், தகப்பனுக்கு மூளை வருத்தமாம் என்று. கயிற்றைத் தொட்டுக்கொண்டே வருகிறேன். அடுத்த கம்பில் பார்ப்போம். தீவு கிட்ட வந்துவிட்டது. சிவப்புத் தொப்பி தீவுக்கு வலப்பக்கமாக வளைந்து, ஊசியிலை மரங்களுக்கு அங்கால் மறைகிறது. பரவாயில்லை, இவரும் வலப்பக்கம்தான் திருப்புவார், தடம் இருக்கிறதே, தடத்தைப் பார்த்தாலே போதுமே. அடுத்த கம்பு. நிறுத்துகிறார். இந்தத் தடவை எஞ்சினை முனகவிட்டு, உடம்பை முழுதாகத் திருப்பி என்னைப் பார்க்கிறார்.

ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளுகிறார். கண் தெளிவாக இருக்கிறது. அதுதான் தாங்க முடியவில்லை, அவ்வளவு தெளிவு, வேலை நேரத்துக் கண். "லாஸ்ட் ஸ்டொப், மேடம்" என்கிறார் ஆங்கிலத்தில். முகத்தில் நல்ல பண்பு. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். "வோட்ச் யுவர் ஸ்டெப்" என்று கையால் பனியைக் காட்டுகிறார், வழுக்கும் கவனம் என்பதுபோல. பகிடியா? பழைய பகிடியை எடுக்கிறாரா? டிரைவர் போற இடத்துக்கு என்று நான் சொல்ல வேண்டுமா? "டிரைவர் போற இடத்துக்கு" என்கிறேன். தமிழில்தான் சொல்கிறேன். இவர் விளங்காத பாசையைக் கேட்டவர் மாதிரிச் சிரித்துவிட்டு, "சொறி, மேடம்" என்கிறார். காத்திருக்கிறார். கடைசிப் பயணி இறங்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கிற நல்ல டிரைவர். நான் என்ன செய்ய? மறித்தால் கலங்குவார். இந்த ஏரிக்கு நடுவில் நின்று அழுவார். இறங்குவோம், இறங்கி முன்னால் போய் நின்று, ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்டினால் என்னை அறிந்துகொள்வார். தேத்தண்ணி கொண்டுபோன அன்றைக்கும் ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சத்தில் முகத்தைக் காட்டியவுடன்தான், "மலர்" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முகத்தைக் காட்டினால் போதும். கயிற்றிலிருந்து கையை எடுக்கிறேன். காலைத் தூக்கி இறங்குகிறேன், பனிக்குள் முழங்கால் வரைக்கும் போகிறது. "தாங்க் யூ, டிரைவர்" என்கிறேன், பாழாய்ப்போன பழக்கம், பஸ்ஸிலிருந்து இறங்கினால் சொல்கிற பழக்கம். ஹெல்மெட்டின் பூட்டைத் தேடுகிறேன். கையுறையோடு வருகுதில்லை. கையுறையைப் பல்லால் இழுக்கப் பார்க்கிறேன், ஹெல்மெட்டுக்குள் பல். மிசின் உறுமுகிறது. இருங்கள், பொறுங்கள், ஒரு நிமிடம். இவர் எல்லாப் பயணிகளையும் இறக்கிவிட்ட டிரைவர், வெறும் பஸ்ஸைக் கொண்டுபோய் விட வேண்டும். இடப்பக்கமாகத் திருப்புகிறார். தடமில்லாத பக்கம். "இஞ்சாருங்கோ!" என்று கத்துகிறேன். இத்தனை வருசமும் பெயர் சொல்லிக் கூப்பிடாத நாக்கு. இஞ்சாருங்கோ என்றால் யாருக்கு? பஸ்ஸில் ஏறுகிற எந்தப் பெண்ணும் எந்த டிரைவரையும் அப்படிக் கூப்பிடலாம். குகநேசன். குகநேசன் என்று கூப்பிடு. வாயைத் திறக்கிறேன், பனிக்காற்று உள்ளே போகிறது. குறுக்கே போட்ட மரத்தை இவர் சுற்றிக்கொண்டு போகிறார், அவ்வளவு அழகாக, ஒன்றிலும் முட்டாமல்.

வலப்பக்கத்திலிருந்து எஞ்சின் சத்தம் வருகிறது. எங்களைக் காணவில்லை என்று அருட்செல்வத்தாரும் புனிதாவும் திரும்பி வந்துவிட்டார்கள். கடவுளே, வந்துவிட்டார்கள். கையைக் காட்டுகிறேன், இரண்டு கையையும் காட்டுகிறேன், ஓடப் பார்க்கிறேன், கால் புதைகிறது. அருட்செல்வத்தார் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி எஞ்சினை அணைக்கிறார், ஹெல்மெட்டைக் கழற்றுகிறார். முகம் குளிரில் சிவந்து, சந்தோசமாக இருக்கிறது. "என்னக்கா, அண்ணை எங்கை? உங்களை இறக்கிவிட்டிட்டு ஓடிட்டாரே?" சொல்லப்போகிறேன். அவருக்கு மறதி வருத்தம், அவர் ஆற்றுப் பக்கம் போகிறார், ஓடிப்போய் மறியுங்கள். இதுதான் சொல்ல வேண்டியது, நெஞ்சுக்குள் ஒழுங்காக வரிசையில் நிற்கிறது. வாய் திறக்கிறது. "என்ரை பாரம் இல்லாமல் ஒருக்கால் ஓடிப் பாக்கப் போறாராம். வந்திடுவார்" என்கிறது வாய். சிரிப்பு வேறு. நான் சிரிக்கிறேன். அருட்செல்வத்தாரும் சிரிக்கிறார். "பஸ் ஓடின ஆளை மறிக்கேலுமே! ஆத்துப் பக்கம் மட்டும் போகமாட்டார்தானே? நான் சொன்னனான்." "அவருக்கெல்லாம் ஞாபகம் இருக்கு" என்கிறது வாய். இல்லை, நான் அதைச் சொல்லவில்லை, சொல்ல வந்தது வேறு. இத்தனை மாதம் பழக்கிய வாய், கேள்வி கேட்டவுடன் எனக்கு முன்னால் ஓடிவிடுகிறது. இதோ சொல்கிறேன், இந்த மூச்சை விட்டுவிட்டுச் சொல்கிறேன். புனிதா இறங்கி வந்து என் தோளைப் பிடித்து, "நடுங்கிப்போனியள் அக்கா. அண்ணை வரட்டும், நாங்கள் ஒரு தேத்தண்ணி குடிப்பம்" என்று என் ஹெல்மெட்டின் பூட்டை ஒரே அமுக்கில் கழற்றிவிடுகிறாள். குளிர் முகத்தில் அறைகிறது. அவள் பிளாஸ்க்கைத் திறக்கிறாள், ஆவி எழும்புகிறது. கூறைச்சேலை நிறத்தைப் பற்றி ஏதோ கேட்கிறாள், அரக்கா, மாம்பழ நிறமா, ஆரணிக்கு எது பிடிக்கும் என்று கேட்கிறாள். எவ்வளவு நல்ல பெண். இவளிடமா நான் சொல்ல முடியாமல் நிற்கிறேன்? தூரத்தில் அந்தச் சத்தம் கேட்கிறது, இவருடைய மிசின், மெல்லிசாக, நுளம்பு இரைகிற மாதிரி. கேட்கிறவரைக்கும் பயமில்லை. கேட்கிறது. ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொல்கிறேன், தொண்டை நனைந்தால் குரல் வரும். கப்பைக் கையில் தருகிறாள். வாங்கும்போது பனியில் கொஞ்சம் சிந்துகிறது, சிந்திய இடம் பழுப்பாகக் கரைந்து கீழே போகிறது. கேட்கிறதா? நான் மூச்சை நிறுத்திக் கேட்கிறேன். காற்றா? காற்று இல்லை. அருட்செல்வத்தார் குந்தியிருந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுக்கிறார். அவர் நிறுத்தினால் கேட்கும். அவர் நிறுத்துகிறார். ஒன்றும் கேட்கவில்லை. ஏரி முழுவதும் ஒரு சத்தமும் இல்லை.

"சீனி காணுமே அக்கா, இன்னும் போடட்டே?" என்று புனிதா கேட்கிறாள்.

"காணும்" என்கிறேன்.